கல்லும் படியும்: சீனக் கல்வெட்டு மைப்படிகளில் மூலபாடச் சிக்கல்

கல்வெட்டை மொழிபெயர்ப்பவர் எதனை மொழிபெயர்க்கிறார்? கல்லில் உள்ளதை என்பதே எளிய விடை. பழஞ்சீனக் கல்வெட்டுகளைப் பொறுத்தவரை இவ்விடை பல இடங்களில் பொருந்துவதில்லை. புகழ்பெற்ற கல்வெட்டுகள் பலவற்றின் கற்கள் இன்று இல்லை. இருப்பனவும் பல நூற்றாண்டுகளாகத் தாள் ஒற்றியும் மை தட்டியும் தேய்ந்தவை. எஞ்சியிருப்பவை மைப்படிகள். அவையும் ஒரு தன்மையன அல்ல. ஒரே கல்லிலிருந்து வெவ்வேறு காலங்களில் எடுக்கப்பட்டு, வெவ்வேறு கைகளில் வெட்டி ஒட்டப்பட்டு, இன்று வெவ்வேறு நாடுகளின் காப்பகங்களில் உள்ளன. அச்சில் நாம் காணும் 'கல்வெட்டு வாசகம்' என்பது இவற்றுள் ஒன்றைக் கொண்டோ பலவற்றை இணைத்தோ ஓர் அறிஞர் அமைத்துக்கொண்ட பாடமே. மொழிபெயர்ப்பு அப்பாடத்தின்மீது எழுகிறது. எந்தப் படியின் பாடம் அது என்ற செய்தி மட்டும் மொழிபெயர்ப்பில் எளிதாக விடுபட்டுப்போகிறது.

சீனரின் மைப்படித் திரட்டு மரபு மிகத் தொன்மையானது. அதனால் காக்கப்பட்ட வாசகங்கள் மிகப்பல. இதனை மறுப்பார் இலர். ஆயினும் அம்மரபினர் பாடத்தை அளந்த கோல் மொழி அன்று. எழுத்துக்கோட்டின் அழகும் அதன் சிதைவுமே ஆகும். அக்கோல் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் எங்கே துணைநிற்கிறது, எங்கே இடர்தருகிறது என்பதைச் சில கல்வெட்டுகளைக் கொண்டு இக்கட்டுரை நோக்குகிறது.

படியெடுத்தலும் திரட்டலும்

மைப்படி எடுக்கும் முறை நம் கல்வெட்டியலாருக்குப் புதிதன்று. கல்லைத் தூய்மை செய்து, நனைந்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களில் இறக்குவர். தாள் சற்று உலர்ந்தபின் மைப்பொதியால் மேற்பரப்பில் தட்டுவர். பள்ளத்தில் இறங்கிய எழுத்து வெண்மையாகவும் கல்லின் பரப்பு கருமையாகவும் தாளில் அமையும். எழுத்து இடவலம் மாறாது. சீனர் மையின் திறத்திற்கேற்பப் படிகளுக்குப் பெயரும் இட்டனர். அடர்ந்து பளபளக்கும் மையுடையது 'காக்கைப் பொன்'. மெல்லிய மையுடையது 'சிள்வண்டின் சிறகு'. இவ்வேறுபாட்டை அழகு பற்றியது என்று மட்டும் கொள்ளலாகாது. அடர்ந்த மை ஆழமில்லாத கோட்டை மூடிவிடக்கூடும். மெல்லிய மை அதனைக் காட்டக்கூடும். படியெடுப்பவரின் கை, வாசிப்பவரின் பாடத்திற்குள் முதலிலேயே புகுந்துவிடுகிறது.

கல்லிலிருந்து பாடம் பெறும் வழக்கம் இம்முறைக்கும் முந்தியது. கி.பி. 175இல் ஹான் பேரரசில் கன்பூசிய நூல்களின் திருத்திய பாடத்தைக் கல்லில் பொறிக்கத் தொடங்கி 183இல் முடித்தனர். காய் யொங் முதலிய அறிஞர் இதில் ஈடுபட்டனர். 46 கற்கள் லோயாங்கில் பேரரசின் கல்விக்கழகத்தின் முன் நிறுத்தப்பட்டன. நாள்தோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வந்து தெருவை அடைத்தன என்று பிற்கால ஹான் வரலாறு கூறும். வந்தவர்கள் கண்டு எழுதிக்கொண்டு சென்றனர். ஏழாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற சுய் பேரரசின் நூற்பட்டியலில்தான் இக்கற்பாடங்களின் படிச்சுருள்கள் இடம்பெறுகின்றன. இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய மைப்படிகள் 1900இல் துன்ஹுவாங் குகையில் வெளிப்பட்ட சுவடிகளோடு இருந்தவை. தாங் பேரரசர் தாய்சொங் வெந்நீரூற்று ஒன்றைப் பற்றி எழுதிய கல்வெட்டின் படி அவற்றுள் ஒன்று. அதன் இறுதியில் 653ஆம் ஆண்டுக்குரிய மைக்குறிப்பு உள்ளது. லியூ குங்சுவான் 824இல் எழுதிய வச்சிரச்சேதிகையின் படி மற்றொன்று. இரண்டும் பெல்லியோ வழியாகப் பாரிசு சென்றன. இரண்டின் கற்களும் இன்று இல்லை.

மைப்படி ஆராய்ச்சிப் பொருளானது சுங் பேரரசின் காலத்தில். ஓயாங் சியூ (1007–1072) ஆயிரம் சுருள் அளவுக்குப் படிகளைத் திரட்டி, அவற்றுள் நானூற்றுக்கு மேற்பட்டவற்றுக்குக் குறிப்புரை எழுதினார். அவருக்குப் பின் சாவ் மிங்செங் (1081–1129) இரண்டாயிரம் படிகளுக்குப் பட்டியல் அமைத்து 502 குறிப்புரைகள் எழுதினார். 'உலோகமும் கல்லும் பற்றிய கல்வி' எனச் சீனர் வழங்கும் துறை இவ்விருவரால் உருப்பெற்றது. வரலாற்று நூல்கள் பின்வந்தோர் எழுதியவை. கல்லோ நிகழ்ச்சி நடந்த காலத்தில் எழுந்தது. எனவே ஆண்டு, இடப்பெயர், பதவி, குலவழி ஆகியவற்றில் இரண்டும் முரணும்போது கல்லையே நம்பவேண்டும் என்பது சாவ் மிங்செங்கின் கொள்கை.

இக்கொள்கையில் ஒரு நழுவல் உள்ளது. கல் நம்பத்தக்கது என்னும் வாதம், படியும் நம்பத்தக்கது என்பதாக ஓசையின்றி மாறிவிடுகிறது. அவர்தம் கையில் இருந்தது கல்லன்று. ஒருவர் ஒருநாள் எடுத்த தாள். கல்லும் எல்லாவற்றிலும் நம்பத்தக்கதன்று. இறந்தவரைப் புகழ எழுப்பப்பட்ட நினைவுக்கல் பதவிப்பெயரில் தவறாது. பண்புநலனைக் கூறுமிடத்தில் வாய்பாட்டுத் தொடர்களையே அடுக்கும்.

சாவ் மிங்செங்கின் திரட்டு என்ன ஆயிற்று என்பதை அவர் மனைவியும் பெருங்கவிஞருமான லி சிங்சாவ் அந்நூலுக்கு எழுதிய பின்னுரையால் அறிகிறோம். மணமான புதிதில் உடைகளை அடகுவைத்துக் கோயிற்சந்தைக்குச் சென்று படிகளும் பழங்களும் வாங்கிவந்து இருவரும் பார்த்து மகிழ்ந்ததை அவர் எழுதுகிறார். 1127இல் வடபுலம் பகைவர் கைப்பட்டபோது எதனை விடுவது என்று தேர்ந்து தேர்ந்து விட்டபின்னும் பதினைந்து வண்டிகள் தேவைப்பட்டன. விட்டுவந்த பத்துக்கும் மேற்பட்ட அறைகளின் பொருள்கள் எரிந்துபோயின. கொண்டுவந்தவையும் போரிலும் களவிலும் ஒவ்வொன்றாக அழிந்தன. எஞ்சியது நூல், படிகள் அல்ல. இது உருக்கமான வரலாறு என்பதோடு பாடவரலாற்றுச் செய்தியும் ஆகும். ஓயாங் சியூவும் சாவ் மிங்செங்கும் படிகளைப் பற்றி எழுதினார்களேயன்றி, படிகளில் உள்ளவற்றை முழுமையாகப் பெயர்த்து எழுதிவைக்கவில்லை. தாள் போனபோது வாசகமும் போயிற்று.

இக்குறையை உணர்ந்தவர் ஹோங் குவோ. 1167இல் வெளிவந்த அவர் நூல் ஹான் காலக் கல்வெட்டுகளின் முழு வாசகங்களையும் தருகிறது. அவர் கையாண்ட முறை மொழியியலார் கருதத்தக்கது. கல்லில் உள்ள எழுத்து வழக்கிறந்த அமைப்பினதாயின், அதனை வழக்கிலுள்ள எழுத்தாக மாற்றிவிடாமல் உறுப்புக்கு உறுப்பு தம் கால எழுத்துநடையில் பெயர்த்தார். இன்ன எழுத்து இன்ன சொல்லுக்கு நிற்கிறது என்பதைப் பின்னால் தனியே விளக்கினார். எழுத்தைப் பெயர்த்தலும் சொல்லை அடையாளங்காணலும் இருவேறு செயல்கள் என்பதை இதனினும் தெளிவாகச் செயலில் காட்டிய பழைய பதிப்பாசிரியர் அரியர். ஹான் கால எழுத்துமாற்ற வழக்குகளை ஆராய்வார் இன்றும் அவரை நாடுவதற்கு இதுவே காரணம்.

ஹுவா மலைக் கல்வெட்டு

கல் இல்லாத கல்வெட்டுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஹுவா மலைக் கோயிலில் கி.பி. 165இல் நிறுவப்பட்டது. 1556 சனவரியில் ஷான்சிப் பகுதியை அழித்த பெருநிலநடுக்கத்தில் அக்கல் சிதைந்துபோயிற்று. அதற்குமுன் எடுக்கப்பட்ட படிகளுள் நான்கு பெயர்பெற்றவை. முன்னர் இருந்த இடம் பற்றி அவை சாங்யுவான் படி, ஹுவாயின் படி, சிமிங் படி, ஷுந்தெ படி எனப்படுகின்றன. முதலாவது தோக்கியோவில் உள்ளது. இரண்டாவதும் மூன்றாவதும் பீக்கிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளன. நான்காவது ஆங்காங்கில் உள்ளது.

இந்நான்கையும் ஒப்பிட்டால் சிக்கல் புலப்படும். சாங்யுவான் படி கல்லில் பொறுக்கு உதிர்வதற்குமுன் எடுக்கப்பட்டது. அதில் எழுத்திழப்பு மிகக் குறைவு. ஹுவாயின், சிமிங் படிகளில் நூறு எழுத்தளவு இல்லை. ஷுந்தெ படியில் இரு ஏடுகள் இழக்கப்பட்டுள்ளன. எனவே சாங்யுவான் படியே சிறந்தது என்பது திரட்டாளர் தீர்ப்பு. ஆனால் சாங்யுவான் படி வரிவரியாக வெட்டப்பட்டு ஏடாக ஒட்டப்பட்டது. வெட்டப்படாமல் முழுத்தாளாக எஞ்சியது சிமிங் படி ஒன்றே. கல்லில் எத்தனை வரிகள், ஒவ்வொரு வரியும் எங்கே முடிந்தது, தலைப்பெழுத்தின் இருபுறமும் தாங் காலத்தவர் பின்னர் வெட்டிய குறிப்புகள் எவ்விடத்தன என்பவற்றை அதிலிருந்துதான் அறியமுடிகிறது. எழுத்து நிறைந்த படியில் அமைப்பு இல்லை. அமைப்பு உள்ள படியில் எழுத்து நிறைவில்லை. பாடம் வேண்டுவோர் இரண்டையும் சேர்த்துத்தான் அமைக்கவேண்டும். சிமிங் படியை ஒருகாலத்தில் உடைமையாகக் கொண்டிருந்த ருவான் யுவான் (1764–1849) இக்கல்வெட்டுக்கென ஒரு தனிநூலே எழுதி, படிகளின் வரலாற்றை நிரல்படுத்தினார். அத்தகைய உழைப்பு இன்றி இன்றைய பாடம் இல்லை.

இனி, படிகள் எத்தனை கிடைத்தாலும் தீராத சிக்கல் ஒன்றும் இதே கல்வெட்டில் உள்ளது. இறுதியில் பணியாற்றியோர் பெயர்கள் வருமிடத்தில் ஓர் எழுத்தர் அனுப்பப்பட்டதைச் சொல்லி, 'குவோ சியாங் சா ஷூ' என நான்கு எழுத்துகள் வருகின்றன. 'ஷூ' என்பது எழுதுதலையும் குறிக்கும், எழுத்தையும் குறிக்கும். 'சா' என்பது ஆராய்ந்து பார்த்தல். சொற்பிரிப்பு எங்கே? 'குவோ சியாங்சா' என்பது ஒருவர் பெயர் எனின், அவர் இக்கல்வெட்டை எழுதினார் என்றாகும். 'குவோ சியாங்' மட்டுமே பெயர் எனின், அவர் பிறர் எழுதியதைச் சரிபார்த்தார் என்றாகும். வாங் மாங் காலத்துத் தடைக்குப்பின் பிற்கால ஹானில் குடிப்பெயரை அடுத்து ஓரெழுத்துப் பெயரே வழக்கு என்பதால், ஹோங் குவோ இரண்டாவது பொருளைக் கொண்டார்.

வழக்கு என்பது விதியன்று; விலக்குகளும் உள்ளமையால் பெயரின் நீளம் ஒன்றே முடிவுக்குப் போதாது. தொடரமைப்பே வலுவான சான்றாகத் தோன்றுகிறது. முன்னுள்ள தொடரில் வேறோர் அலுவலர் 'கல் வாங்க' ஏவப்படுகிறார். அங்கே வினையும் செயப்படுபொருளுமாக இரண்டெழுத்து. அதற்கு இணையாக இங்கு 'எழுத்தைப் பார்க்க' என இரண்டெழுத்து நிற்பது இயல்பு. குவோ சியாங் என்னும் பெயருடைய கணியர் ஒருவர் கி.பி. 175ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் பிற்கால ஹான் வரலாற்றின் காலக்கணிப்புப் பகுதியில் வருகிறார் என்பதும் நோக்கத்தக்கது. இருவரும் ஒருவரே என்பதற்கு அது உறுதி ஆகாது. இப்பொருளைக் கொண்டால் எழுதியவர் பெயர் கல்லில் இல்லை என்றாகிறது. திரட்டாளர் மனம் இதனை எளிதில் ஏற்பதில்லை. தாங் காலத்திலேயே சூ ஹாவ் என்பார் இதனைக் காய் யொங் கைவண்ணம் என்றார். பெரிய பெயர் ஒன்று வேண்டும் என்ற ஆவலுக்கு இலக்கணம் வழிவிட்டது.

தமிழில் இத்தொடரைப் பெயர்ப்பவர் தப்ப வழியில்லை. 'குவோ சியாங்சா எழுதினார்' என்றோ 'எழுத்தைச் சரிபார்க்கக் குவோ சியாங் அனுப்பப்பட்டார்' என்றோ ஒன்றைத்தான் சொல்லமுடியும். வேற்றுமை உருபும் வினைமுற்றும் உள்ள மொழியில் அந்த நான்கெழுத்தின் இருபொருள்நிலை தங்காது. தெரிவு செய்ததைக் குறிப்பில் சொல்வதே நேர்மை.

வெட்டி ஒட்டிய ஏடுகள்

படிகளை வெட்டி ஏடாக்கியது ஏன் என்பது எளிதில் விளங்கும். ஆளுயரத்திற்கு மேற்பட்ட கல்லின் தாளை மேசையில் விரித்துப் படிக்கவியலாது. எழுத்துக்கலை பயில்வோர் ஒவ்வோர் எழுத்தையும் அருகில் வைத்துப் பார்த்து எழுதவேண்டும். எனவே நீண்ட வரிகள் பட்டைகளாக வெட்டப்பட்டு, ஏட்டின் அளவுக்கேற்பத் துண்டாக்கப்பட்டு ஒட்டப்பட்டன. இதனால் வரியின் நீளம் மறைந்தது. தாங் காலக் கல்வெட்டுகளில் பேரரசரைக் குறிக்கும் சொல்லுக்குமுன் இடம்விடும் மரியாதை வழக்கு உண்டு. வெட்டும்போது அவ்விடம் நீங்கியது. எல்லாவற்றினும் கேடானது வேறு. சிதைந்த பகுதி அழகற்றது எனக் கழிக்கப்பட்டது. சிதைவுக்கு மேலும் கீழும் இருந்த எழுத்துகள் ஏட்டில் அடுத்தடுத்து நின்று ஒரு தொடர்போல் தோற்றமளித்தன. கல்லில் ஒருபோதும் இல்லாத தொடர்கள் இவ்வாறு பிறந்தன.

சின் நாட்டுக்குரிய பத்துக் கல்முரசுகளில் இதன் விளைவு தெளிவு. முரசுவடிவக் கற்களில் வேட்டையும் மீன்பிடிப்பும் பற்றிய பாடல்கள் பெரும்பாலும் நாலெழுத்தடிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. முதலில் எழுநூற்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் இருந்திருக்கவேண்டும். ஓயாங் சியூ தம் காலத்தில் 465 எழுத்துகளைக் கணக்கிட்டார். இன்று கற்களில் முந்நூறுக்கும் குறைவே. ஒரு முரசு முற்றிலும் வெறுமை. மிங் காலத்தில் அன் குவோ திரட்டியவையும் சுங் காலத்தன எனக் கருதப்படுபவையுமான மூன்று படிகள் இப்போது தோக்கியோவின் மித்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் சிறந்ததில் ஐந்நூறு எழுத்தளவு உண்டு. அவையும் வெட்டி ஒட்டியவையே. அடியின் இறுதியில் வரும் இயைபுச்சொல் பழஞ்சீன ஒலியமைப்புக்கு முதன்மைச் சான்று. இரண்டு எழுத்து விடுபட்டதா நான்கு விடுபட்டதா என்பதைப் பொறுத்து அடியின் எல்லை மாறும். எல்லை மாறினால் இயைபுச்சொல் எது என்பதும் மாறும். அன் குவோ படிகளின் புகைப்படங்களைக் கொண்டு ஆராய்ந்து 1939இல் நூல் வெளியிட்ட குவோ மொருவோ, சிதறிய துண்டுகளைக் கல்லின் வரியமைப்பில் மீண்டும் பொருத்தவேண்டியிருந்தது.

இவற்றின் காலம் பற்றிய வழக்கும் படிகளையே நம்பி நிற்கிறது. குவோ மொருவோ கி.மு. 770 என்றார். தாங் லான் 1958இல் எழுதிய கட்டுரையில் கி.மு. 374 என்றார். நானூறு ஆண்டு இடைவெளி. தாங் லானின் சான்றுகளுள் தன்மை ஒருமை இடப்பெயரின் வழக்கும், நான்கு என்னும் எண்ணைக் குறிக்கும் எழுத்தின் வடிவமும் அடங்கும். பிற சின் நாட்டுப் பொறிப்புகளில் எந்த இடப்பெயர் எக்காலத்தில் வருகிறது என்று ஒப்பிட்டு அவர் வாதிட்டார். அவர் குறித்த ஆண்டை எல்லாரும் ஏற்கவில்லை. ஆயினும் இலக்கணச் சொல்லின் வழக்கை அளவுகோலாக்கியது பொருத்தமான நெறி என்றே கூறவேண்டும். எழுத்தழகை நோக்கிய எட்டு நூற்றாண்டுக் குறிப்புரைகளில் இத்தகைய நோக்கு அருகியே காணப்படுகிறது.

சிதைவின் விலை

படிகளின் காலத்தைக் கணிக்கத் திரட்டாளர் வகுத்த முறை நுட்பமானது. கல் சிதையும், சிதைந்தது மீளாது. எனவே எந்தெந்த எழுத்து எப்போது சிதைந்தது என்று அறிந்தால் படிகளை முன்பின்னாக வரிசைப்படுத்தலாம். கி.பி. 185இல் எழுந்த சாவ் சுவான் கல்வெட்டு மண்ணில் புதைந்திருந்து மிங் பேரரசின் வான்லி ஆட்சித் தொடக்கத்தில், பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெளிப்பட்டது. 'யின்' என்னும் எழுத்துச் சிதையாத படி மிக முந்தியது. 'சியான்' என்னும் எழுத்தில் சூரியன் என்னும் உறுப்பை வெடிப்பு ஊடுருவித் தேர் என்னும் உறுப்புப்போல ஆக்குவதற்குமுன் எடுத்தவை அடுத்த நிலையின. சுவடியியலார் பிழைவழிக் குலமரபு வகுப்பதற்கு இது ஒப்பானது. அதனினும் உறுதியானது என்றும் சொல்லலாம், ஏனெனில் கல்லின் வெடிப்பு யாரையும் பார்த்து எழுதுவதில்லை.

இதே நுட்பம் சந்தைக்குச் சென்றபோது கெட்டது. சிதையாத ஓர் எழுத்தே படியின் விலையைத் தீர்மானித்தது. படியில் சிதைவு வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதன்மேல் மையிட்டுக் கோட்டைத் திருத்தினால் பிற்காலப் படி முற்காலப் படியாகும். அவ்வாறு திருத்துவோர் இருந்தனர். படிமீதிருந்த ஆசை கல்லையே அழித்ததும் உண்டு. முதற்பேரரசர் கி.மு. 219இல் யீ மலையில் நிறுத்திய கல்லுக்கு நேர்ந்ததைத் தாங் காலத்து ஃபெங் யான் பதிவு செய்துள்ளார். கீழே தள்ளப்பட்ட பின்னும் கல்லைத் தேடிப் படியெடுப்பவர் வந்துகொண்டே இருந்தனர். அவர்களுக்கு ஏவல் செய்து சலித்த ஊரார் விறகடுக்கித் தீவைத்துக் கல்லைக் கெடுத்தனர். சிமா சியானின் வரலாற்று நூல் முதற்பேரரசரின் பிற கல்வெட்டு வாசகங்களைத் தருகிறது, இதனைத் தரவில்லை. இன்று நாம் வாசிப்பது 993இல் சிஆன் நகரில் மறுவெட்டாக நிறுத்தப்பட்ட கல்லின் பாடம். ஊராரைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

மறுவெட்டு உண்டு என்ற அறிவு மற்றொரு பக்கம் மிகை ஐயத்துக்கும் இடமளித்தது. கி.பி. 186ஆம் ஆண்டுச் சாங் சியான் கல்வெட்டில் 'வரை' என்னும் பொருள்தரும் ஓரெழுத்துச் சொல் வரவேண்டிய இடத்தில், அவ்வெழுத்தின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் பிரிந்து இரண்டு தனியெழுத்துகளாக நிற்கின்றன. ஹான் காலத்தார் இப்பிழை செய்திரார்; பின்னாளில் அறியாதார் ஒருவர் மறுவெட்டாக வெட்டியது இது என்று கு யென்வு (1613–1682) கருதினார். ஒலியியலிலும் பாடவாராய்ச்சியிலும் ஈடற்ற அவ்வறிஞரின் இம்முடிவு ஏற்கத்தக்கதன்று. பழங்காலத்தார் பிழைசெய்யார் என்பது சான்று அன்று, எண்ணம். எழுதியவர் வேறு, வெட்டியவர் வேறு என்பதை ஹுவா மலைக் கல்வெட்டே காட்டுகிறது. நீண்டு எழுதப்பட்ட ஓரெழுத்தை வாசிக்கத் தெரியாத கல்தச்சர் இரண்டாகக் கொண்டு கட்டங்களில் வெட்டியிருத்தல் இயல்பு. அவ்வாறாயின் இப்பிழை, கல்லின் பொய்ம்மைக்கு அன்று, வரைவிலிருந்து கல்லுக்குப் பாடம் சென்ற வழிக்குச் சான்றாகிறது. பெயர்ப்பவர் இங்கே திருத்திய சொல்லைப் பெயர்க்கவேண்டும். திருத்தியதைச் சொல்லவும் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் நிலை

அச்சுப்பதிப்புகள் சிதைந்த எழுத்துக்கு ஒரு சதுரம் இடுகின்றன. 1805இல் வெளிவந்த வாங் சாங்கின் பெருந்தொகுப்பு முதல் இம்முறை பரவலாக உள்ளது. மூலத்தில் ஐந்து சதுரங்கள் இருக்குமிடத்தில் மொழிபெயர்ப்பு மூன்று புள்ளிகளோடு நின்றுவிடும். அல்லது தொடர் இடையறாது ஓடும். பின்னது முன்னதினும் தீது. இயல்பான நடை என்பது மொழிபெயர்ப்பில் பெருமைக்குரியதே. சிதைந்த கல்லுக்கு அது பொய்யான உடல்நலம் தருகிறது. எதுவார் சாவான் 1893இல் ஹான் காலக் கற்செதுக்கல்கள் பற்றி வெளியிட்ட நூலிலும், 1907ஆம் ஆண்டுப் பயணத்தின் விளைவாக 1909 முதல் வெளியிட்ட தொகுதிகளிலும் படிகளின் உருவங்களையே முன்வைத்தது, அவர் பெயர்ப்பைப் பிறர் சரிபார்க்க வழிசெய்தது. இன்று அவ்வசதி பெருகியுள்ளது. பீக்கிங் தேசிய நூலகத் திரட்டு 1989 முதல் நூறு தொகுதிகளாக அச்சேறியது. கியோத்தோ, பெர்க்கிலி பல்கலைக்கழகங்களின் படிகள் கணினி வழியாகவே காணக்கிடைக்கின்றன. படியைப் பார்க்க இயலவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லும் காலம் கடந்துவிட்டது.

தமிழர்க்கு நேரடித் தொடர்புடைய ஒரு கல்லும் இவ்வகையில் கருதத்தக்கது. செங் ஹொ கடற்பயணத்தின்போது 1409ஆம் ஆண்டைக் குறித்து நிறுவப்பட்ட காலி மும்மொழிக் கல்வெட்டு, 1911இல் இலங்கையின் காலி நகரில் வடிகால் ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றில் சீனப் பகுதியே தெளிவாக உள்ளது. பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்தது. சீனப் பகுதியை முதலில் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் பீக்கிங்கில் வாழ்ந்த எட்மண்டு பேக்கவுசு. சீன ஆவணங்களைப் புனைந்தவர் என்று 1976இல் டிரெவர்-ரோப்பர் எழுதிய நூலால் வெளிப்படுத்தப்பட்டவர் இவரே. அவர் கைபட்ட வேறு பல ஐயத்துக்கு இடமாயின. இக்கல்வெட்டின் பாடம் மட்டும் அந்த ஐயத்தால் தாக்குறவில்லை. கல் இருக்கிறது, படி எடுக்கலாம், எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்க்கலாம்.

மூன்று வாசகங்களும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று அன்று. சீனம் புத்தருக்கும், தமிழ் திருமாலாகக் கருதப்பட்ட தேனாவரை நாயனாருக்கும், பாரசீகம் இசுலாமிய மரபுக்கும் காணிக்கையைச் சேர்க்கின்றன. ஆனால் காணிக்கைப் பட்டியலின் அளவுகள் ஒத்துள்ளன. சீனத்தில் பொன் ஆயிரம் 'சியென்', வெள்ளி ஐயாயிரம் 'சியென்' என இருக்குமிடத்தில், தமிழ் ஆயிரம் கழஞ்சு, ஐயாயிரம் கழஞ்சு என்கிறது. சியென் ஏறத்தாழ 3.7 கிராம், கழஞ்சு அதனினும் கூடியது. நிறையைப் பெயர்க்காமல் அளவைச் சொல்லைப் பெயர்த்த அந்தப் பெயரறியாத மொழிபெயர்ப்பாளர், கோயிற் காணிக்கையைத் தமிழ்க் கல்வெட்டு எவ்வாறு கூறுமோ அவ்வாறு கூறியுள்ளார். பாரசீகப் பகுதியில் இதே இடத்தில் எந்த அளவைச் சொல் நின்றது என்பதை ஆராய விரும்புவோர், கல்லின் தேய்ந்த அப்பகுதியைப் பக்கவொளியில் எடுத்த புகைப்படங்களோடும் பழைய படிகளோடும் வைத்தே பார்க்கவேண்டும்.